வளர்ச்சி இல்லை

அந்த அக்கா சாம்பிள் கொண்டுவருவதே தனி விதம். எங்கள் லேபுக்கு யூரின் கொண்டுவருகிறவர்கள் டப்பாவைக் கைக்குட்டையிலோ கறுப்பு பாலிதீன் பையிலோ சுற்றி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கவுன்ட்டர் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெயரைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். இவர் எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திறப்பார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் டப்பா செங்குத்தாக நிற்கும். அதை எடுத்து முந்தானையில் ஈரம் துடைத்து என் கையில் கொடுப்பார்.

"அஞ்சரைக்குப் புடிச்சதும்மா. இப்ப ஏழே முக்கால் ஆவுது. ஜல்தியா போட்டுடு."

வரிசையில் நிற்கும் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். திண்டிவனத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கலெக்‌ஷன் சென்டர் இருந்தது. அங்கே காலையில் கொடுப்பதெல்லாம் மதிய பஸ்ஸில் எங்களுக்கு வந்து சேரும். அக்காவின் ஊர் பெருமுக்கல் பக்கம். திண்டிவனம் அவருக்கு அரை மணி நேரம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் விடுமுறையில், விடியற்காலை முதல் பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் மாறி விழுப்புரம்வரை அவரே எடுத்துக்கொண்டு வருவார்.

"அங்கயே குடுத்துடலாமேக்கா" என்றேன் ஒருமுறை.

"வெயில்ல வெந்து வர்றதுக்கு அது இன்னா மல்லாட்டையா? சூட்டுல வந்தா உள்ள இருக்கறது மாறிடும்னு நீதானே அங்க எழுதி ஒட்டி வச்சிக்கினு இருக்கற."

அந்தச் சுவரொட்டியை வருடக்கணக்காக யாரும் படித்ததில்லை. ஒட்டிய நானே படித்ததில்லை.

முதல் தடவை அவருடைய சாம்பிளில் கிருமி வளர்ந்தது. பெண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் காணும் அதே குச்சிக் கிருமிதான். அதற்கான மாத்திரையை அவருடைய ஊர்ப்பக்கத்து கிளினிக் டாக்டர் எழுதிக்கொடுத்தார். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் எரிச்சல், இடது பக்க விலாவுக்குக் கீழே வலி, சாயங்காலமானால் நடுக்கத்தோடு காய்ச்சல். டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், பிறகு ஊசி. அதிலும் குறையவில்லை என்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எழுதி எங்களிடம் அனுப்புவார். இரண்டாவது தடவையிலிருந்து வந்த ரிப்போர்ட் எல்லாமே ஒன்றுதான். நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்துப் பார்த்ததில் வளர்ச்சி இல்லை.

அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"கிருமி எதுவும் வளரலக்கா. நல்ல விஷயம்தானே?"

"வளரலன்னா இல்லன்னு அர்த்தமா?"

"ஆமாக்கா."

"இருக்குதும்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பவருக்கு, இன்னும் நிற்கிறது என்று பதில் சொல்வதுபோலச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அதே ஒரு சொல். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அவர் படியேறி வருவதைப் பார்த்தாலே, 'வந்துட்டாங்கப்பா' என்று உள்ளே இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் நாள்காட்டித் தாள்கள் இருந்தன. தினமும் கிழிக்கும் காலண்டரின் தாளைக் கசக்கிப் போடாமல், பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பார். 'சாயந்தரம் நாலு மணி நடுக்கம். போர்வை ரெண்டு.' 'இன்னிக்கு இல்லை.' 'இடுப்பு வலி, காலையில் மட்டும்.' இல்லாத நாளில் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். நோயைப் பெரிதாக்கிக் காட்ட நினைக்கிறவர் அப்படி எழுதமாட்டார் என்பது அந்த நாட்களில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் திண்டிவனத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் செக்யூரிட்டியாக இருந்தார். நீலச் சட்டை, அதற்குள் புடவை, தலையில் தொப்பி. பெண்கள் வாசலில் நின்று பைகளைப் பார்த்து அனுப்பும் வேலை. அங்கே நடந்த ஒரு விஷயத்தை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது ஒருமுறை சொன்னார். தீபாவளி நெருக்கத்தில் ஒரு பட்டுப்புடவை காணாமல் போய்விட்டது. விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்மீது சந்தேகம். சாயங்காலம் வெளியே போகும்போது அவள் பையில் இருந்ததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்.

"நான் பாக்கலியே சார்னேன். 'நான் சொல்றேன்ல, போடும்மா'ன்னாரு. நீங்க சொல்றீங்க, நான் பாக்கலன்னேன். அவ்ளோதாம்மா நடந்தது."

"அப்புறம்?"

"மறுநாள் வேற அடுக்குல கெடச்சுது. அந்தப் பொண்ணு அழுதுக்கினே வேலைய வுட்டுட்டு போயிடுச்சு. என்னத் தூக்கிப் பின்னாடி வண்டி நிறுத்தற எடத்துல போட்டுட்டாங்க."

வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் கிடையாது. கழிப்பறைக்குக் கடைக்குள் மூன்றாவது மாடிக்குப் போகவேண்டும். போவதென்றால் அவர் இடத்தில் ஒருவர் வந்து நிற்கவேண்டும். யாரும் வரமாட்டார்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை மூடும்வரை நிற்கவேண்டும். அதனால் அவர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டிருந்தார்.

"நிறையத் தண்ணி குடிக்கணும்கா. இல்லன்னா இது போகாது" என்று சொல்வேன். எல்லோருக்கும் சொல்வதுதான்.

"குடிச்சா எங்கம்மா போறது?" என்பார்.

அவருடைய சாம்பிள் எப்போதும் டிகாஷன் நிறத்தில் இருக்கும்.

நான் அடித்துக் கொடுத்த தாள் அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு ஐந்தாவது ரிப்போர்ட் வாங்க வந்தபோதுதான் தெரிந்தது. அன்று கூடவே அவருடைய மகள் வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். அம்மா உள்ளே பாத்ரூமுக்குப் போயிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்.

"மேடம், ஒண்ணும் இல்லன்னு எழுதாம வேற மாதிரி எழுத முடியாதா?"

"ஏம்மா?"

"அப்பா இந்தத் தாளையெல்லாம் ஆணியில குத்தி வச்சிருக்காரு. அம்மா படுத்தா அதக் காட்டித்தான் சத்தம் போடறாரு. 'மெஷினே சொல்லுது ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு, நீ இன்னாத்துக்கு நடிச்சிக்கினு கெடக்கற'ன்னு."

அவளுடைய அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் மூட்டை தூக்குகிறவர். குடிப்பழக்கம் இல்லை, அடிக்கிற ஆளும் இல்லை. வேலைக்கு நடுவில் அவரே மனைவியைச் சைக்கிளில் வைத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்று தாள் வந்தால் மனிதர் என்னதான் நினைப்பார்? அக்காவின் மாமியார் வேறு, பெண்பிள்ளைக்குக் கீழே திரும்பத் திரும்ப நோய் வருவது நல்லதில்லை என்று ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஒரு பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அத்தனை ஜனத்துக்கு நடுவில், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு, அக்கா வரிசையில் நின்று வக்கிரகாளியைக் கும்பிட்டிருக்கிறார்.

"திரும்பி வந்ததும் ஆயா கேட்டுச்சு, 'இப்ப எப்படிடி இருக்குது, எறங்கிடுச்சா'ன்னு" என்றாள் மகள். "எறங்கிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க. அம்மா சொல்லல. 'சாமி கும்புட்டது நல்லா இருந்துச்சு. வலி அப்படியே இருக்குது'ன்னுச்சு. அதுக்கு ஒரு வாரம் வூட்டுல யாரும் பேசல."

பாத்ரூமிலிருந்து அக்கா வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

ஏழாவது சாம்பிள். ஆடி மாதம். ஊசி போட்டு முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிருமி வளர உணவு ஊற்றிய பிளேட்டில் கல்ச்சருக்கு இழுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சீழ்ச்செல்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கு நடுவில், வெளிறிப்போய், உருண்டை உருண்டையாக வேறு எதுவோ இருந்தது. ஒரே அளவில் இல்லை. சில மிகச் சின்னவை, சில சீழ்ச்செல்லில் பாதி இருந்தன. ஒன்று நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் போவதுபோலத் தெரிந்தது. விளிம்புகள் லேசாக நடுங்கின. ஸ்லைடு காயாமல் இருக்க ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் உள்ளே பரவிய இடத்தில், நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவை ஒவ்வொன்றாக உப்பி, இல்லாமல் போயின.

அப்படி ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

எங்கள் லேப் டாக்டர் வயதானவர். காலையில் ஒரு மணி நேரம் வந்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுவார். புது ஸ்லைடு ஒன்று தயாராக வைத்து அவரைக் கூப்பிட்டேன். அவர் உடனே தள்ளிவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகத்தான் பார்த்தார்.

"கொழுப்புத் துளியா இருக்கும்மா. இல்ல செத்துப்போன செல்லு. மருந்து போட்ட ஒடம்புல இப்படிக் கண்டதும் மெதக்கும்."

"நடுங்குது சார். தண்ணி பட்டா வெடிக்குது."

"சரி, அத எங்க எழுதுவ? நம்ம ஃபார்ம்ல அதுக்கு எடம் இருக்கா?"

இடம் இல்லை. சீழ்ச்செல் எத்தனை, சிவப்பணு எத்தனை, உப்புப் படிகம் உண்டா, கிருமி வளர்ந்ததா. அவ்வளவுதான் எங்கள் ஃபார்ம். ஸ்லைடைக் கழுவி வைத்தேன். இரண்டு நாள் கழித்து பிளேட்டைத் திறந்தபோது அது துடைத்துவைத்ததுபோல் இருந்தது. வளர்ச்சி இல்லை என்று அடித்தேன்.

அக்கா வாங்க வந்த அன்று கவுன்ட்டரில் கூட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தாளை வாங்கினார், வழக்கம்போலப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எழுதியிருக்கறத வுடு. நீ கண்ணால பார்த்தியே. எதனா தெரிஞ்சுதா?"

அதுவரை அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. தெரிந்தது என்று சொன்னால், அது என்ன என்று கேட்பார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் டாக்டரைக் கேள் என்பார், டாக்டர் என்னைத் திட்டுவார். பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது.

"இல்லக்கா. ஒண்ணும் தெரியல."

அன்று மட்டும் அவர் 'இருக்குதும்மா' என்று சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினார்.

"சரிம்மா. வர்றேன்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆவணியில் வரவில்லை, புரட்டாசியில் வரவில்லை. குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, லேபுக்கு போன் வந்தது. அரசு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. பேசியவர் கிருமியியல் பிரிவில் இருந்த ஒரு இளம் டாக்டர், பெண்.

"உங்க லேப் ரிப்போர்ட்டு ஏழு இருக்கு இந்தப் பேஷண்டோட கவர்ல. முந்தாநாள் நெனவில்லாம கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. இடது கிட்னி முழுக்க சீழ். மொத ரிப்போர்ட்ட விட்டா எல்லாத்துலயும் சீழ்ச்செல் இருக்கு, கிருமி இல்ல. டி.பி.யான்னு பார்த்தோம், அதுவும் இல்ல. நீங்கதானே ஸ்லைடு பார்த்தது?"

"ஆமாங்க மேடம்."

"வேற எதுவாவது பார்த்தீங்களா? ஃபார்ம்ல எழுத முடியாதது எதாவது?"

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே மழை கொட்டியது.

"உருண்டையா இருந்துச்சு மேடம். நடுங்கிக்கிட்டு. தண்ணி பட்டா வெடிச்சுது."

அதை அவர் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "இன்னைக்கே வர முடியுமா?" என்றார்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். அந்த டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். அவருடைய மைக்ராஸ்கோப் வேறு மாதிரி, சாயம் போடாமலே விளிம்பு துல்லியமாகத் தெரியும். குனிந்து பார்த்தேன். அதே உருண்டைகள். ஆடி மாதத்தில் பார்த்ததைவிட அதிகமாக இருந்தன.

"இதுதானே?"

"இதுதான் மேடம்."

"நான் படிச்சிருக்கேன். பார்த்தது இல்ல" என்றார். ஒரு தாளின் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினார். "பாக்டீரியாவுக்கு வெளியில ஒரு சுவர் இருக்கும். அது இருக்கறதாலதான் குச்சி மாதிரி நிக்குது. இவங்களுக்குக் குடுத்த மாத்திரை, ஊசி எல்லாமே அந்தச் சுவரத்தான் உடைக்கும். சில சமயம் இது சுவரையே கழட்டிப் போட்டுடுது. அப்புறம் அந்த மருந்துக்கு உடைக்க ஒண்ணும் இல்ல. உருவமும் போயிடுது, இப்படி உருண்டையா ஆயிடுது."

"சுவர் இல்லாம எப்படி மேடம் உயிரோட இருக்கும்?"

"சுத்தி இருக்கற தண்ணி கெட்டியா இருக்கணும். இவங்க யூரினப் பாருங்க, எவ்ளோ உப்பு. தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். அது இதுக்கு நல்ல வசதி. நம்ம சாதா பிளேட்ல போட்டா தண்ணி உள்ள புகுந்து வெடிச்சுடும். நாமளும் வளர்ச்சி இல்லன்னு எழுதிடுவோம். மருந்த நிறுத்தினா மறுபடி சுவரக் கட்டிக்கும்."

"காய்ச்சல் திரும்ப வரும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "இது மட்டும்தான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வெடிக்காம வளர்றதுக்குச் சர்க்கரை கலந்த பிளேட் போட்டிருக்கேன். சுவரத் தொடாம, உள்ள போய் வேலை செய்யற மருந்தும் சேர்த்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன்."

வார்டுக்கு வெளியே மகள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் ஏன் எங்கேயும் காட்டவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"அம்மாதான் வேணாம்னுச்சு மேடம். கட மாத்திரையப் போட்டுக்கினு வேலைக்குப் போய்க்கினு இருந்துச்சு. ஏம்மான்னு கேட்டா, 'அந்தப் பொண்ணு கண்ணால பார்த்துட்டு இல்லன்னு சொல்லிடுச்சு. பாக்காதத அது சொல்லாது. எனக்குத்தான் பிரமை போல'ன்னுச்சு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்ன மேடம் என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது, அக்காவுக்கு நல்ல நினைவு. சர்க்கரை பிளேட்டிலும் வளர்ந்திருந்தது. டாக்டர் காட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன ஆஃப்பாயில் போல, நடுவில் திட்டும் சுற்றிலும் மெல்லிய வட்டமுமாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனேன். கை கால் எல்லாம் வீங்கி, முகம் மட்டும் சிறுத்து, வேறு யாரோபோல் கிடந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கடைசியா நீங்க கேட்டீங்களே, எதனா தெரிஞ்சுதான்னு. தெரிஞ்சுதுக்கா. நான் பார்த்தேன். இன்னான்னு எனக்குத் தெரியல, அதனால இல்லன்னுட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். விரல்கள் மட்டும் போர்வையின்மேல் அசைந்தன.

"ஆடி" என்றார். "ஆவணி. பொரட்டாசி. ஐப்பசி."

பிறகு கண்ணைத் திறந்து, "அவரக் கூப்புடு" என்றார்.

கணவர் வந்து நின்றார். தோளில் துண்டு, மழையில் நனைந்த சட்டை. கட்டிலின் கால்மாட்டில், கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பவர்போல நின்றார்.

"சொல்லு" என்றார் அக்கா என்னிடம்.

சொன்னேன். உள்ளே கிருமி இருந்தது, ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கலாம், எங்கள் முறையில் அது தெரியாது, ஆனால் ஒருமுறை எனக்குத் தெரிந்தது, நான் எழுதவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன்.

"அப்ப அந்தத் தாளெல்லாம்?" என்றார்.

"அதுல இருக்கறது முழு உண்மை இல்லைங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனார். வராந்தாவின் கோடியில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"நீ போம்மா" என்றார். "மழ வர்றதுக்குள்ள போ."

அது கோபமா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், மனதில் இல்லாததை ஒரு நாளும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை இறந்துபோனார். புது மருந்துக்குக் கிருமி குறைந்துகொண்டுதான் வந்தது என்றார் டாக்டர். ஆனால் அதற்குள் இரண்டாவது கிட்னியும் நின்றுவிட்டது, ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. போனில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கவுன்ட்டரில் ஒரு பெரியவர் தன் டோக்கன் நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உடலை வாங்கும் இடத்துக்குப் போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கணவர் ஃபாரங்களில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். இலவச அமரர் ஊர்தி வந்து நின்றது. ஏற்றும் நேரத்தில் மகள் கூட்டத்தை விட்டு விலகி என்னிடம் வந்தாள். அவள் கண்ணில் அப்போது கண்ணீர் இல்லை.

"மேடம், எனக்கும் ஒரு வாரமா எரியுது."

"என்னம்மா சொல்ற?"

"அம்மாகிட்ட சொல்லல. ஸ்கூல்ல தண்ணி குடிக்கறது இல்ல. இது ஒட்டிக்குமா?"

"அப்படி ஒட்டிக்காதுமா. உனக்கு இருக்கறது வேறயா இருக்கும். எனக்குத் தெரியல, பார்த்தாத்தான் தெரியும். காரியமெல்லாம் முடிஞ்சதும் திங்கட்கிழமை வா. முதல் ஆளா உன்னப் பார்க்கறேன்."

சரி என்றாள். வண்டியில் ஏறி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய் முழுக்கக் கவுன்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுத்தமான டப்பா இரண்டு எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். அங்கே மாறிப் பெருமுக்கலில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். தார்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கேப்பைக் கொல்லை ஒன்றைத் தாண்டி, காலனியின் கடைசி வரிசையில் ஒரு ஓட்டு வீடு. அவள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கை முழுக்கச் சாம்பல்.

"எப்படி வர்றதுன்னு தெரியல மேடம். அப்பாகிட்ட இன்னான்னு சொல்றது?"

டப்பாவை நீட்டினேன். அவள் கையைக் கழுவி வாங்கினாள். வாசலில் படுத்துக்கிடந்த அக்காவின் மாமியார், "இன்னாடி அது? யாரு இது?" என்று கேட்டார். "லேபு மேடம், ஆயா. எனக்கு டெஸ்ட்டு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

உள்ளே படுத்திருந்த கணவர் எழுந்து வெளியே வந்தார். மொட்டை அடித்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. மகள் டப்பாவோடு திரும்பி வரும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். அவள் அதை என்னிடம் கொடுத்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. மகளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"எது தெரிஞ்சாலும் எழுதிக் குடுங்க மேடம்" என்றார். "எங்களுக்குப் புரியலன்னாலும் எழுதிக் குடுங்க."

அன்று மதியமே பிளேட் போட்டேன், சாதாரண பிளேட் ஒன்று, அந்த டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்திருந்த சர்க்கரை பிளேட் ஒன்று. மறுநாள் காலை சாதாரண பிளேட்டிலேயே வளர்ந்திருந்தது. எல்லா மருந்துக்கும் கட்டுப்படுகிற எளிய கிருமி. ஐந்து நாள் மாத்திரையில் போய்விடும். அவளுடைய அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகிவிடும் என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். அதன் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. மில் ஓடுகிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.